முக ரிஃப்ளெக்ஸ் கேள்விகள்: நியூக்ளியஸை விடுங்கள், நாரைப் பிடியுங்கள்

ரிசல்ட் வந்த சூட்டோடு சொல்லிவிடுகிறேன். முக ரிஃப்ளெக்ஸ் கேள்விகளில் மார்க் பறிபோவது பெரும்பாலும் படிக்காததால் அல்ல. நியூக்ளியஸ் (மூளைத்தண்டிலுள்ள நரம்பு செல் தொகுப்பு) பெயரில் தொடங்கி, டிரைஜெமினலின், அதாவது முக உணர்வைக் கொண்டுவரும் ஐந்தாம் கபால நரம்பின், மூன்று உணர்வு நியூக்ளியஸ்களையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான். தூண்டலைப் படித்ததும் அதைக் கொண்டுபோவது எந்த வகை நரம்பு நார் என்று எழுதிவிடுங்கள். மற்றது பின்னாலேயே வரும்.

- தசை இழுபட்டால்: ஐஏ நார், மீசென்செஃபாலிக் நியூக்ளியஸ்
- மென்தொடுகை: ஏ-பீட்டா, பான்ஸிலுள்ள (மூளைத்தண்டின் நடுப்பகுதி) முதன்மை உணர்வு நியூக்ளியஸ்
- வலி, வெப்பம்: ஏ-டெல்டாவும் சி-யும், ஸ்பைனல் நியூக்ளியஸ்

ஜா ஜெர்க்குக்கு (தாடையைத் தட்டினால் வாய் மூடும் ரிஃப்ளெக்ஸ்) இரண்டு வரி போதும். உணர்வு நாரின் செல் உடல் கேங்லியனில் (மூளைக்கு வெளியே உள்ள நரம்பு முடிச்சு) இல்லை, மூளைத்தண்டுக்குள்ளேயே இருக்கிறது, ஒரே சினாப்ஸ். திரும்பி வரும் பாதையும் ஐந்தாம் நரம்புதான், இமை மூடும் தசை உட்பட முகத் தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பு அல்ல.

பிளிங்க் (இமை மூடும்) ரிஃப்ளெக்ஸுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். புருவத்துக்கு மேலுள்ள சுப்ராஆர்பிட்டல் நரம்பை மின்னால் தூண்டினால் இரண்டு அலைகள் வரும். ஆர்1 சுமார் 10 மில்லிநொடியில், தூண்டிய பக்கத்தில் மட்டும். ஆர்2 சுமார் 30 மில்லிநொடியில், இரண்டு பக்கமும். ஆர்1-ஐ வலிக்கான எதிர்வினை என்று எழுதுவது வழக்கமான தவறு. அது ஏ-பீட்டா வழியாகப் பான்ஸில் முடிந்துவிடுகிறது. இமை மூடுவதாகக் கண்ணுக்குத் தெரிவது மெடுல்லாவை (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி) சுற்றி வரும் ஆர்2.

கார்னியாவில் (கருவிழியை மூடிய ஒளிபுகும் படலம்) இருப்பவை ஏ-டெல்டாவும் சி-யும். அதனால் கார்னியல் ரிஃப்ளெக்ஸில் ஆர்1 கிடையாது. "வலி தெரிந்ததும் கண் மூடுகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். சி நாரின் வேகம் நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர். 12 செ.மீ. தூரத்தை 1 மீட்டர் வேகத்தில் கடக்கவே 120 மில்லிநொடி ஆகும்; அதற்குள் இமை மூடியிருக்கும். மூட வைப்பது ஏ-டெல்டா. வலியை உணர்வது தாலமஸ் வழியாகக் கார்டெக்ஸுக்குப் போகும் தனிப் பாதை. இந்தக் கணக்கை விடையில் ஒரு வரியாகச் சேர்த்தால், மனப்பாடம் செய்தவரிடமிருந்து நீங்கள் தனித்துத் தெரிவீர்கள்.

கிளினிக்கல் கேள்விக்கு, எந்தப் பக்கம் தொட்டார்கள், எது மூடியது என்று இரண்டு கட்டம் போடுங்கள். வலது கார்னியாவைத் தொட்டால் இரண்டும் மூடவில்லை, இடதைத் தொட்டால் இரண்டும் மூடுகின்றன என்றால் பழுது வலது ஐந்தாம் நரம்பில். எதைத் தொட்டாலும் இடது மட்டும் மூடினால் வலது ஏழில். ஒரு பக்கத்தை மட்டும் தொட்டுப் பார்த்து முடிவு சொன்னால் வைவாவில் மடக்கிவிடுவார்கள்.

செய்முறையில் பஞ்சு நுனியை மெல்லியதாகத் திரித்து, பக்கவாட்டிலிருந்து கொண்டு போங்கள். எதிரே கொண்டு போனால் பஞ்சைப் பார்த்தே கண் மூடிவிடும், அது வேறு ரிஃப்ளெக்ஸ். வெள்ளைப் பகுதியைத் தொட்டால் சோதனை செல்லாது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு உணர்வு மந்தமாக இருக்கலாம், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசி நேரத்தில் பார்க்க:

- நரம்பை அழுத்தினால் முதலில் போவது தடித்த ஏ நார்கள். லோக்கல் அனஸ்தீஷியாவில் வலி நார்கள் முந்திக்கொள்ளும். தலைகீழாக எழுதாதீர்கள்.
- லேட்டரல் மெடுல்லரி சிண்ட்ரோம் (மெடுல்லாவின் பக்கவாட்டில் பழுது): முகத்தில் பழுதுள்ள அதே பக்கம் வலி, வெப்ப உணர்வு போகும், கை காலில் எதிர்ப்பக்கம்.
- வெங்காயத் தோல் வளையங்கள் (முக வலி உணர்வு வாயைச் சுற்றி வளையம் வளையமாகப் பிரிந்திருப்பது): வாயைச் சுற்றிய பகுதி ஸ்பைனல் நியூக்ளியஸின் கீழ்ப்பகுதியான காடாலிஸின் மேல் முனையில், காதுப் பக்கம் கீழ் முனையில்.