மழைமானிக்கு மானியம் கேட்டுப் போன கதை

போன வாரம் கடிதம் வந்துவிட்டது. எங்கள் பழைய மழை அளக்கும் களத்தின் வேலிக்கும் வெள்ளைப் பெட்டிக்கும் மட்டும் மாநில அரசின் மானியம். பதினொரு மாதம், ஒன்பது நடை. சந்தோஷம்தான், ஆனால் ‘பாலாய் செராப்’ என்ற மலாய்ச் சொல்லால் வந்த கூத்தை நினைத்தால் இன்னும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கீழ்ப் பேராக்கில், எங்கள் தோட்டத்துப் பழைய ஆபீசுக்குப் பின்னால் ஒரு சின்ன வானிலைக் களம் உண்டு. ஒரு மழைமானி, கால் முளைத்த வெள்ளை மரப்பெட்டி, துருப்பிடித்த வேலி, அவ்வளவுதான். அப்பா அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். பிரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போன பிறகு, எட்டு மணிக்கு மழைமானித் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்து எழுதுவார். பால்மர (ரப்பர்) பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளக் கணக்கே மாறும். அதனால் துரை (தோட்ட மேலாளர்) கேட்கும் முதல் எண்ணே அதுதான். முதல் பேரேடு 1928. ஜப்பான்காரன் ஆண்ட காலத்துப் பக்கங்கள் மட்டும் வெறுமை. பிறகு அங்குலம் மில்லிமீட்டராக மாறியது, கையெழுத்துகள் மாறின, களம் மட்டும் இடம் மாறவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஆபீசை மூடியதும் பதிவும் நின்றது.

சரி, களத்தைச் சீர்படுத்த நம் சட்டமன்ற உறுப்பினரிடம் மானியம் கேட்கலாம் என்று அவருடைய சேவை மையத்துக்குப் போனேன். முதல் நடை வீண், அதிகாரி கல்யாணத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் நடையில் குமாஸ்தா பெண் பாரத்தை நீட்டினாள். கோயில், பள்ளி, மரணச் சகாயம், வெள்ள நிவாரணம் என்று கட்டங்கள். “இது எதில் வரும், டீச்சர்?” என்று படத்தைப் பார்த்தவள், “புறாக் கூண்டுக்கா மானியம்?” என்றாள். அந்தப் பெட்டியைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும், அவளைக் குறை சொல்ல முடியாது. வெயில் நேரே படாமல் காற்று மட்டும் உள்ளே போய்வரத்தான் நாலு பக்கமும் சாய்ந்த பலகைகள், உள்ளே வெப்பமானிகள் தொங்கும் என்று விளக்கினேன். இப்போது தொங்கியது கொசுத்தேனீக் கூடு என்பதைச் சொல்லவில்லை.

தனி ஆளுக்குப் பணம் தர முடியாது, பதிவு பெற்ற சங்கம் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். கடைசியில் மாரியம்மன் கோயில் நிர்வாகம்தான் கை கொடுத்தது. “மாரி என்றாலே மழைதானே டீச்சர், நம்ம கணக்கிலேயே வரட்டும்” என்றார் பொருளாளர். ஆனால் கோயில் இரண்டு வருடமாகச் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கையே அனுப்பவில்லை. அதைச் சரிசெய்ய மூன்று மாதம். யாருடைய சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்தாலும் முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பந்தாட்டம். வானிலை கூட்டரசு (மத்திய அரசு) விஷயம், நாடாளுமன்ற உறுப்பினரைப் பாருங்கள் என்றது சேவை மையம். நிலம் மாநில விஷயம், சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள் என்றது நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம். இரண்டும் உண்மை என்பதுதான் கொடுமை. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் வானிலை கூட்டரசுப் பட்டியலிலும், நிலம் மாநிலப் பட்டியலிலும் இருக்கின்றன. அதனால் கோரிக்கையை இரண்டாகப் பிளந்தேன். வேலி, பெட்டி, பாதை மாநிலத்துக்கு. கருவிகளும் பேரேடுகளை ஸ்கேன் செய்வதும் கூட்டரசுக்கு. நடந்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான்.

அப்புறம்தான் அந்தக் கூத்து. மலாய்க் கடிதத்தில், ‘கவனித்துப் பார்க்கும் இடம்’ என்று தமிழில் நினைத்தபடியே ‘பாலாய் செராப்’ என்று எழுதிவிட்டேன். மலாய்க்காரர்களுக்கு அது நட்சத்திரமும் நிலாவும் பார்க்கும் இடம். யாரோ நல்லெண்ணத்தில் அதைப் பிறை பார்க்கும் விஷயமாக நினைத்து வேறு இலாகாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்து, எங்கள் பகுதியில் பிறை பார்க்க அடிவானம் தெளிவாக இருக்குமா என்று மிக மரியாதையாக ஒரு தொலைபேசி. சுற்றிலும் செம்பனை மரம் ஐயா, அடிவானமே கிடையாது என்றேன். ‘ஸ்தேசென் மெட்டியோரொலோஜி’ (வானிலை நிலையம்) என்று எழுதியிருக்க வேண்டும். எழுதுங்கள், மறக்காதீர்கள்.

மாநிலத் தலைநகர் ஈப்போவில் அரசு அலுவலகத்துக்குப் போன முதல் நடையும் பாழ். காலில் சிலிப்பர். காவலாளி வாசலிலேயே கையைக் குறுக்கே நீட்டினார். எதிர்க்கடையில் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) ஷூ வாங்கி வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

அடுத்த முறை ஷூவோடு பேரேட்டையும் எடுத்துப் போனேன். அதிகாரி முதலில் கடிகாரத்தைப் பார்த்தபடிதான் கேட்டார். இணையத்தில் மழை அளவு பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறதே, பழைய தகரக் குவளை எதற்கு என்றார். நியாயமான கேள்வி. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் மழையைத் தாங்கும் கால்வாய் என்கிறார்கள், இருபது வருடக் கணக்கை வைத்து அதை எப்படிச் சொல்வது என்று நான் திருப்பிக் கேட்டேன். அதுவும் ஒரே இடத்தில் அளந்த கணக்காக இருக்க வேண்டும். பக்கத்தில் செம்பனையை நட்டால் மரம் உயர உயர மழைமானி மழையைக் குறைத்துக் காட்டும். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். வேலி கேட்பதே அதற்குத்தான். உலக வானிலை அமைப்பு 2017 முதல் நூறாண்டு கண்ட நிலையங்களுக்கு அங்கீகாரம் தருகிறது, பதிவில்லாத காலம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஜப்பான் காலத்தையும் இந்த இரண்டு வருடத்தையும் சேர்த்தாலும் நாங்கள் தேறுவோம், 2028இல் நூறு என்றேன்.

அவர் அசைந்ததாகத் தெரியவில்லை. பேரேட்டைத் திருப்பினார். பேராக் ஆறு கரைபுரண்ட 1967 ஜனவரிப் பக்கத்தில் சற்று நின்றார். அப்புறம் விரலை ஓட்டித் தன் பிறந்த தேதியைத் தேடினார். அப்பாவின் சாய்ந்த எழுத்து: ஒன்றே முக்கால் அங்குலம், வெட்டு இல்லை.

“அன்று லாரி வரவில்லை, வீட்டிலேயே பிறந்தேன் என்று அம்மா சொல்வார்” என்றார் மலாயில். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். கடிகாரத்தை அப்புறம் பார்க்கவில்லை.

ஆறு வாரத்தில் மாநிலப் பங்கு கிடைத்தது. கூட்டரசுப் பங்குக்கு இதுவரை ‘கடிதம் கிடைத்தது’ என்ற ஒற்றை வரியும் ஒரு எண்ணும்தான். அந்த எண்ணைத் தொலைக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அதைத்தான் கேட்பார்கள். வரவுசெலவுத் திட்டம் அக்டோபரில் தாக்கலாகும். செப்டம்பரில் போய் நின்றால் காலம் கடந்திருக்கும், ஜூனுக்குள் போய்விட வேண்டும். ஷூவை இப்போது காரின் பின்பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.