படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம்

கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரியான ஆரி வேலை தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இன்றைக்குத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கல்யாண பிளவுஸ் புண்ணியத்தில் வந்த வளர்ச்சி, நல்லதுதான். ஆனால் இவர்களில் யாராவது எம்பிராய்டரி டிசைன் போட்டிக்குத் தன் பெயரில் வேலையை அனுப்பியிருக்கிறார்களா என்று தேடினால் எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஆளே இல்லை. நானும் இந்தத் தொழிலுக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் அனுப்பினேன். சென்னையில் ஓர் ஏற்றுமதி எம்பிராய்டரி யூனிட்டில் சாம்பிளிங் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு படம் அனுப்புவார், அதை உள்ளங்கை அகலத் துணியில் நாலு விதமாகச் செய்து காட்டுவோம், அவர் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்பார், மீதி மூன்றும் அலமாரிக்குப் போகும். இதுதான் தினப்படி வேலை. இதில் 'உன் டிசைன் என்ன?' என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவேண்டிய தேவையும் இல்லை.

இந்தத் துறைக்கென்று நடக்கும் போட்டிகளில் பெயர் பெற்றது லண்டனில் ஹேண்ட் அண்ட் லாக் நடத்துவது. 1767-லிருந்து தன் வரலாற்றைக் கணக்குச் சொல்லும் நிறுவனம். ராணுவச் சீருடைகளுக்கும் அரச குடும்பத்துக்கும் தங்கக்கம்பி வேலை செய்து பெயர் வாங்கியது. 2000-இல் போட்டியை ஆரம்பித்தார்கள். ஃபேஷன், டெக்ஸ்டைல் ஆர்ட் என்று இரண்டு பிரிவு, அதற்குள் மாணவர்களுக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி. நான் அனுப்பியது அதற்கு இல்லை. ஐரோப்பாவில் நடக்கும் அதைவிடச் சின்னப் போட்டி ஒன்று. பிரிவுகள் மட்டும் இதே மாதிரிதான். ஒரு தலைப்பு கொடுப்பார்கள். முதலில் டிசைன் போர்டு, ஒரு சாம்பிள் துண்டு, அப்புறம் எழுத்தில் ஒரு விளக்கம் அனுப்பவேண்டும். தேர்வானால் முழு வேலையையும் செய்து அனுப்பவேண்டும்.

எந்தப் பிரிவில் போடுவது என்பதே முதல் குழப்பம். தினமும் உடைக்கான வேலைதான் செய்கிறோம், அதனால் ஃபேஷன்தான் நமக்கு வரும் என்று தோன்றும். ஆனால் ஃபேஷன் என்றால் எம்பிராய்டரியோடு முடியாது. பேட்டர்ன் வெட்ட ஆள், தைக்க நல்ல டெய்லர், போட்டுக் காட்ட ஒரு பெண், படம் எடுக்க ஒருவர் என்று பட்டியல் நீளும். தவிர உடை என்பது அசையவேண்டும். முழங்கை மடங்கும் இடத்தில் மணி வைத்தால் நூல் அறுந்துவிடும், தோளில் கனமான வேலை போட்டால் முன்பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும். டெக்ஸ்டைல் ஆர்ட் என்றால் துணி சட்டத்தில் நிற்கும், அவ்வளவுதான். செலவையும் பார்த்து அதிலேயே போட்டேன். ஆனால் ஒன்று, உடையில் ஒரு மூலையில் கொஞ்சம் சுமாராக இருந்தால் கண் வேறிடம் போய்விடும். சட்டத்தில் இருப்பதை நடுவர் மூக்கு தொடும் தூரத்தில் நின்று பார்ப்பார்.

அந்த வருடத் தலைப்பு பழுது பார்த்தல். பழுது என்றதும் பாதிப் பேர் உடைந்த ஜாடியைத் தங்கத்தால் ஒட்டும் ஜப்பானியக் கின்ட்சுகியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் பையர்கள் அனுப்பும் படங்களில் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான். என் மனதில் வந்தது சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேடு. அங்கே வலை சரிசெய்கிறவர்கள் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நைலான் நரம்பு சுற்றிய ஊசியால் கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டு போவார்கள். வலை நீலமாக இருக்கும், ஒட்டுப் போட்ட இடம் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். கையில் எந்த நரம்பு இருக்கிறதோ அது. நிறம் பொருந்தவில்லையே என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. அதைத்தான் எடுத்துக்கொண்டேன், ஆனால் மதிப்பைத் தலைகீழாக்கினேன். வலை முழுவதும் தங்கக்கம்பி வேலை, பழுது பார்த்த இடம் மட்டும் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் நைலான் நரம்பு. மட்டமான சாமான்தான் கிழிசலைத் தாங்கிப் பிடிக்கிறது, அது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

கூட வேலை செய்யும் ஒருத்தி, தோடா டிசைன் போடு, வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும் என்றாள். பிடிக்கும்தான். ஆனால் நீலகிரித் தோடா பெண்கள் வெள்ளைத் துணியில் கோடு எதுவும் வரையாமல் இழை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் போடும் வேலை அது, 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதை எடுத்து என் பெயரைப் போட்டு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்டிகளுக்கு நம் நாட்டிலிருந்து வரும் வேலைகளில் நான் அதிகம் பார்க்கும் குறையும் இதுதான், எங்கேயோ இருக்கிற பாரம்பரிய டிசைனை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு அதையே கான்செப்ட் என்று எழுதிவிடுவது.

இனி வேலைக்கு வருவோம். டிரேசிங் பேப்பரில் வலையை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்தி, துணி மேல் விரித்து, மண்ணெண்ணெயில் ஜிங்க் பவுடர் கலந்து துணிப்பந்தால் தேய்த்தால் புள்ளி புள்ளியாக டிசைன் இறங்கும். எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். ஆனால் நான் எடுத்தது கறுப்பு ஆர்கன்சா. கண்ணாடி மாதிரித் துணி, கலவை கொஞ்சம் நீர்த்துவிட்டாலும் பரவி வெள்ளைத் திட்டாகிவிடும். துணி மெல்லியது என்பதால் அட்டாவில், அதாவது துணியை இழுத்துக் கட்டும் சட்டத்தில், கட்டும்போது நாலு பக்கமும் ஒரே இழுவை வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் வேலை முடித்துச் சட்டத்திலிருந்து எடுத்தவுடன் வலைக்கண் எல்லாம் கோணிக்கொள்ளும்.

வலையின் கோடுகளுக்கு ஆரியில் மெட்டாலிக் நூல் சங்கிலித் தையல். முடிச்சுகளுக்கு டப்கா. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை நூல் கனத்துக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அதுதான் டப்கா. அதைப் பொடிப் பொடியாக வெட்டி, மணி கோப்பது போல ஊசியில் கோத்துத் தைக்கவேண்டும். சும்மா மேஜை மேல் வைத்து வெட்டினால் துண்டுகள் துள்ளி எங்கேயோ போய்விடும், அதனால் வெல்வெட் துணி மேல் வைத்து வெட்டுவார்கள். துண்டு ஒரு நூலளவு நீளமாகிவிட்டால் முடிச்சு புடைத்து நிற்கும், குறைந்துவிட்டால் நடுவில் வாய் பிளந்து உள்ளே இருக்கும் நூல் தெரியும். இரண்டு முடிச்சு ஒரே மாதிரி வருவதற்குள் கண் எரிய ஆரம்பித்துவிடும். நைலான் நரம்பு அதற்கு மேல் படுத்தியது. ஆரி ஊசிக்கு அது படியவே படியாது, கொக்கியிலிருந்து நழுவி நிமிர்ந்துகொள்ளும். கடைசியில் நரம்பைத் துணி மேல் கிடத்தி, சாதா ஊசியால் மெல்லிய பட்டு நூல் கொண்டு இடைவெளி விட்டு விட்டுக் கட்டித்தான் அடக்க முடிந்தது.

டப்கா வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் யூனிட்டில் மூத்தவர். உத்தரப்பிரதேசத்தில் பரேலிப் பக்கத்திலிருந்து வந்து குடும்பத்தோடு சென்னையிலேயே தங்கிவிட்டவர், எல்லோருக்கும் பாய். அவர் கை வைத்தால் இந்த வலையைப் பாதி நேரத்தில் முடித்திருப்பார், என்னுடையதைவிட நன்றாகவும் இருந்திருக்கும். எங்கள் தொழிலில் வரைகிறவர் ஒருவர், போடுகிறவர் வேறொருவர் என்பதுதான் வழக்கம். போட்டி விதியோ டெக்ஸ்டைல் ஆர்ட் பிரிவில் டிசைனும் கைவேலையும் விண்ணப்பிக்கிறவருடையதாகவே இருக்கவேண்டும் என்றது. படிவத்திலும் ஒரு பெயருக்குத்தான் இடம். நானும் பாயும் சேர்ந்து செய்தால் இரண்டு பேர் பெயரையும் போடலாமா என்று மெயில் போட்டுக் கேட்டேன், முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. இதைப் பாயிடம் சொன்னபோது, "பேர் இருக்கட்டும்மா, நஃப்ரி யார் குடுப்பாங்க?" என்றார். எட்டு மணி நேர வேலை ஒரு நஃப்ரி, எங்கள் பட்டறையில் கூலிக் கணக்கு அதில்தான். அவர் கேட்டது நியாயம். அதனால் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த சாயங்காலங்களுக்கு நஃப்ரிக் கணக்கில் என் கையிலிருந்து கொடுத்தேன், வேலையை முழுக்க நானே போட்டேன், விளக்கத்தில் யாரிடம் கற்றேன் என்பதை எழுதினேன். போட்டிக்காரர்களையும் குறை சொல்லமாட்டேன். விதி இப்படி இல்லையென்றால் பணம் இருக்கிறவர்கள் பத்துப் பேரை உட்காரவைத்துப் போட்டு வாங்கித் தன் பெயரில் அனுப்பிவிடுவார்கள்.

ஆனாலும் யார் பெயரைப் போடுவது என்கிற கேள்வி என்னை விடவில்லை. 2023 மார்ச்சில் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் பாரிஸ் ஃபேஷன் நிறுவனமான தியோரின் ஷோ நடந்தபோது, மும்பையின் சாணக்யா பட்டறையோடு சேர்ந்து செய்தது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அது பெரிய விஷயம்தான், அதற்கு முன்னால் பட்டறையின் பெயரே வெளியில் வராத காலம்தான் அதிகம். சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. பாரிஸின் புகழ்பெற்ற எம்பிராய்டரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான்-பிரான்சுவா லெசாஜ் 1990-களிலேயே இங்கே வந்து வஸ்திரகலா என்று பட்டறை போட்டுவிட்டார். பட்டறைப் பெயர் வரை வந்திருக்கிறது. அட்டா முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெயர் எங்கேயும் வருவதில்லை.

எல்லாவற்றிலும் கஷ்டம் அந்த விளக்கம் எழுதுவதுதான். தையல் பெயர், சாமான் பெயர் எழுதச் சொன்னால் எழுதிவிடலாம். ஏன் செய்தாய் என்று கேட்டால் கை நின்றுவிடுகிறது. முதலில் எழுதியதெல்லாம் பையருக்குப் போகும் கேட்டலாக் மாதிரி இருந்தது, 'பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும்' என்கிற வகை. அதையெல்லாம் அடித்துவிட்டு, ஆரி ஊசியை எப்படிப் பிடிக்கிறோம் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பிரான்சின் லூனவில் முறையும் நம் ஆரியும் உறவுக்கார வேலைகள். இரண்டிலும் கொக்கி ஊசி, இரண்டிலும் சங்கிலித் தையல். ஆனால் லூனவிலில் மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்து வைத்துக்கொண்டு துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி போடுவார்கள், மணி கீழே போய் உட்காரும், நல்ல பக்கம் எப்படி வருகிறது என்று துணியைத் திருப்பினால்தான் தெரியும். நாம் நல்ல பக்கத்தைப் பார்த்தபடியே மணியை ஊசியில் ஏற்றிப் போடுகிறோம். வலை சரிசெய்கிறவரும் இப்படித்தான், கிழிசலைக் கண்ணால் பார்த்தபடியே முடிச்சுப் போடுகிறார். இந்த இடத்துக்கு வந்தபிறகுதான் என் டிசைன் எதைப் பற்றியது என்று எனக்கே பிடிபட்டது.

தங்கக்கம்பி வேலையைப் படம் எடுப்பது தனிக் கலை. நேராக விளக்கைப் போட்டால் எல்லாம் வெள்ளையாகப் பளீரென்று அடித்துவிடும். ஜன்னலோரம் வைத்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வரவிட்டால்தான் முடிச்சின் உருண்டை தெரியும். இன்னொன்று, சிலர் கைவியர்வைக்குக் கம்பி சீக்கிரம் கறுத்துவிடும், சென்னைக் கடற்காற்றும் அதற்குத் துணை. வேலை இல்லாத நேரமெல்லாம் மல் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். கூரியரில் அனுப்பும்போது விற்பனைக்கு இல்லை, போட்டிக்கு என்று எழுதி, அங்கே சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்று போட்டிக்காரர்களிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெட்டிக்கும் கூரியருக்கும் ஆன செலவு சாமான் செலவைத் தாண்டிவிட்டது, இதை எந்த அறிவிப்பிலும் போடமாட்டார்கள்.

இறுதிச் சுற்றுவரை போனது. பரிசு இல்லை. நடுவர்கள் குறிப்பு அனுப்பியிருந்தார்கள். பின்பக்கம் சுத்தமாக இருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார், அதைப் படித்தபோது பரிசு வந்த மாதிரிதான் இருந்தது. ஆர்கன்சாவில் பின்பக்கத்து நூல் அப்படியே முன்னால் தெரியும், ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலை முடித்து முடித்துத்தான் போயிருந்தேன். இன்னொருவர், நைலான் ஒட்டுகளை இன்னும் தைரியமாகப் பெரிதாக்கியிருக்கலாம், தங்கத்தைப் பார்த்துப் பயந்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. காசிமேட்டில் யாரும் தேவைக்கு மேல் ஒட்டுப் போடுவதில்லை.

யூனிட்டில் விஷயம் தெரிந்ததும் முதலாளிக்குச் சந்தோஷம், அந்த வலையை ஒரு பையருக்குச் சாம்பிளாகக் காட்டலாமா என்றார். போட்டிக்குப் போனது என் சொந்த நேரத்தில் செய்த என் டிசைன், காட்டினால் என் பெயரோடு காட்டுங்கள் என்றேன். யோசித்தார், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் விடாமல், அப்படியானால் இனி சாம்பிள் கார்டுகளின் பின்னால் வரைந்தவர் பெயரும் போட்டவர் பெயரும் எழுதலாமே என்று கேட்டேன். பையருக்குப் போகும் கார்டில் கூடாது, வேண்டுமானால் நம்ம ரெஜிஸ்டரில் எழுதிக்கொள் என்றார். சரி, கிடைத்தவரை லாபம். இப்போது ஒவ்வொரு சாம்பிளுக்கும் எழுதி வருகிறோம், தேதி, வரைந்தவர், போட்டவர், எத்தனை நஃப்ரி. பாயிடம் முதல் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்துவிட்டு, பெயரைத் தாண்டிக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து, அரை நஃப்ரி குறைகிறது, திருத்து என்றார்.