புதுக்கோட்டைப் பாறைக் கோயில்கள்: வெயிலைப் பார்த்து வழி போடுங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து வழி போடுகிறார்கள். இங்கே அது சரிப்படாது. 11 மணி தாண்டிவிட்டால் மொட்டைப் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது. பூசை நடக்கும் கோயில்களில் 12 மணிவாக்கில் நடை சாத்தினால், திறக்க மாலை 4 மணி ஆகும். இந்த இரண்டையும் வைத்துத்தான் எதை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

முதலில் நார்த்தாமலை, அதுவும் விடிந்ததும் விடியாததுமாக. விஜயாலய சோழீஸ்வரம் இருப்பது மேலமலையில். ஏற்றம் கடினமில்லை, ஆனால் வழி நெடுக நிழலே கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கீழிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. பேரைப் பார்த்து இது சோழன் கட்டியது என்று நினைத்துவிடுகிறார்கள். முத்தரையர் குலத் தலைவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) மழையில் சிதைய, மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம், நடுவில் சுற்றிவர இடைவழி. கதவு பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள், வட்டத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. எதிரே பாறையைக் குடைந்து செய்த கோயில்கள், அதாவது குடைவரைகள், இரண்டு உண்டு. பெரியதில் ஆளுயரத் திருமால்கள் 12 பேர், ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக நிற்கிறார்கள்.

9 மணிக்கு இறங்கிவிட்டால் 10 மணிக்குக் குடுமியான்மலை. இங்கே நடக்கும் பிழை ஒன்றுதான். சிகாநாதர் கோயில் முன்மண்டபத்துத் தூண் சிற்பங்களிலேயே, குறிப்பாக இரணியன் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மரிடமே நேரம் போய்விடுகிறது. பின்னால் இருக்கும் மேலைக்கோயிலுக்குப் போவதற்குள் நடை சாத்திவிடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். நேராகப் பின்னால் போய்விடுங்கள், சிற்பங்களைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைமுகத்தில், ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில், ஸ்வரங்களைப் பொறித்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து. மேலோட்டமாகப் பார்த்தால் பாறை பொரிந்ததுபோலத்தான் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் எழுத்தின் பள்ளத்தில் நிழல் கட்டும், அப்போது பத்தி பத்தியாகப் பிரித்துப் பார்க்கலாம். மத்யமக்ராமத்தில் தொடங்கி கைசிகம் வரை, பண்ணுக்கு ஒன்றாக ஏழு பகுதிகள். ஸ்வரங்களை நான்கு நான்காகக் கட்டியிருக்கிறார்கள். ஒரே ஸ்வரம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருகிறது. சில எழுத்துகளின் தலையில் புள்ளி. முடிவில் ருத்ராசாரியரின் மாணவனான அரசன் ஒருவன், மாணாக்கர் நலனுக்காக இதைச் செய்ததாகச் சொல்கிறான். அதற்கும் கீழே ஒரு தமிழ் வரி: ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’. எந்த எட்டு, எந்த ஏழு என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து எழுத்தைத் தெளிவாக்குகிறேன் என்று சுண்ணாம்போ தண்ணீரோ பூசாதீர்கள், கையால் தடவவும் வேண்டாம். 1,300 ஆண்டு தாங்கியதை நம் விரல் தேய்த்துவிடக் கூடாது.

நடுப்பகலைச் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு, 3 மணிக்குச் சித்தன்னவாசல். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் மேற்குப் பார்த்தது, ஓவியத்துக்கு வெளிச்சம் பிற்பகலில்தான் வரும். முன்மண்டப விதானத்தில் தாமரைக் குளம்: பூப்பறிக்கும் ஆட்கள், யானை, எருமை, மீன். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. இரண்டு நிமிடம் கண் பழகட்டும், பிறகு தண்டைப் பிடித்து நிற்கும் ஆள் தானாகத் துலங்குவான். ஃபிளாஷ் கூடவே கூடாது. சமணத் துறவிகள் தங்கிய குகையான ஏழடிப்பட்டம் தனி ஏற்றம், மலையின் மறுபக்கம். அறிவர் கோயிலோடு முடிந்தது என்று கிளம்பிவிடுகிறவர்கள் 17 கற்படுக்கைகளையும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தையும் இழக்கிறார்கள். முழங்கால் தாங்காதவர்கள் மட்டும் விட்டுவிடலாம்.

திருமயத்தை இதே நாளில் திணிக்க வேண்டாம். அதற்கு ஒரு காலைப்பொழுது தனியாக வேண்டும். 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை எங்கும் ஓடிவிடாது, முதலில் அடிவாரத்துக் கோயில்களுக்குப் போங்கள். ஒரே பாறையில் பெருமாளுக்கும் சிவனுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள், ஆனால் வாசல் வேறு வேறு. இரு கோயிலாருக்கும் இருந்த வழக்கை 1245-இல் ஒய்சளத் தளபதி அப்பண்ணன் தீர்த்துவைத்தது கல்வெட்டில் இருக்கிறது. சிவன் கோயிலிலும் இசைக் கல்வெட்டு இருந்தது, பெரும்பகுதியைச் செதுக்கி அழித்துவிட்டார்கள். குடுமியான்மலையைப் பார்த்துவிட்டு வந்து இதன் முன்னால் நின்றால்தான், போனது எவ்வளவு என்று புரியும். பிறகு கோட்டைக்கு ஏறுங்கள். நடுவழியில் இரும்பு ஏணி வைத்த சிறு குடைவரை ஒன்றில் லிங்கம் உண்டு. உச்சியில் பீரங்கி நிற்கும் மேடையில் காற்று அள்ளிக்கொண்டு போகும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.