காராஃபுக்குள் ஒரு கிளையன்ட் ஜாரைக் குடியேற்றிய மூன்று நாள்கள்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள் சிலவற்றுக்கு ஆர்டர் கணக்கு பார்க்கும் மென்பொருள் ஒன்றைக் காரைக்குடியிலிருந்து பராமரித்து வருகிறேன். அது அப்பாச்சி காராஃபில் ஓடுகிறது. ஜாவா நிரல்களைத் தனித்தனிப் பகுதிகளாக, 'ஓஎஸ்ஜிஐ' என்ற விதிமுறைப்படி ஓட்டும் தளம் அது. லாரி அனுப்பும் நிறுவனம் ஒன்று, தன் ஏபிஐயை (பிற நிரல்கள் அதன் சேவையைக் கேட்கும் வழியை) அழைப்பதற்கென ஒரு ஜாவா கிளையன்ட் ஜாரை, அதாவது ஜாவா நிரல்களைக் கட்டிவைத்த கோப்பை, தந்தது. தனி நிரலில் வைத்தபோது ஐந்து நிமிடத்தில் வேலை செய்த அந்த ஜாரைக் காராஃபுக்குள் கொண்டுவர எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஜாவா தனக்கு வேண்டிய நிரல்களைத் தேடும் சாதாரண கிளாஸ்பாத்தில் எல்லா ஜார்களும் ஒரே குவியல். யாரும் யாருடையதையும் எடுத்துக்கொள்ளலாம். ஓஎஸ்ஜிஐ அப்படியன்று. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவைச் (நடுமுற்றத்தைச்) சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான மகனின் குடும்பத்துக்கும்) தனி அறையும் தனிப் பூட்டும் இருப்பதுபோல, ஒவ்வொரு பண்டிலும் (ஓஎஸ்ஜிஐக்கேற்ற ஜாரும்) பூட்டிய அறை. ஜாருக்குள் இருக்கும் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் எக்ஸ்போர்ட் என்று எழுதிய பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுதி) மட்டும் வளவுக்கு வரும். இம்போர்ட் என்று எழுதிக் கேட்டது மட்டும் அறைக்குள் போகும். நிறுவனம் தந்த ஜாரின் மேனிஃபெஸ்டில் இவை இரண்டுமே இல்லை.

குறுக்கு வழியாக, ஜாரின் முகவரிக்கு முன்னால் 'ராப்' என்று சேர்த்து நிறுவினேன். சாதாரண ஜாரைப் பண்டிலாக உறையிட்டுத் தரும் வசதி அது. பண்டில் உடனே 'ஆக்டிவ்' என்று காட்டியது. மறுநாள் முதல் ஆர்டரை அனுப்பியதும் இணைய அழைப்புகளுக்கான நூலகமான அப்பாச்சி எச்டிடிபி கிளையன்டின் கிளாஸைக் காணோம் என்று நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் வந்து நின்றது. 'ராப்' தானாக எழுதும் மேனிஃபெஸ்டில் இம்போர்ட்கள் எல்லாம் 'ஆப்ஷனல்' (இல்லாவிட்டாலும் பரவாயில்லை) ஆகிவிடும் என்பதை அதன் பிறகுதான் கவனித்தேன். இல்லாத பொருளைக் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டது.

ஆகவே பண்டில்களைக் கட்டும் பிஎன்டி கருவியைக் கொண்டு, இம்போர்ட்களைக் கட்டாயமாக வைத்து ஜாரை மறுபடி கட்டினேன். இப்போது 'பண்டில்:டயக்' கட்டளை, இல்லாத பேக்கேஜ்களைப் பெயர் சொல்லிக் காட்டியது. எச்டிடிபிகிளையன்ட் 4.5இன் வழக்கமான ஜாரைப் போட்டேன். பண்டிலின் அடையாளப் பெயரான பண்டில்-சிம்பாலிக்நேம் இல்லையென்று காராஃப் அதைத் திருப்பிவிட்டது. ஓஎஸ்ஜிஐக்கென்றே எச்டிடிபிகிளையன்ட்-ஓஎஸ்ஜிஐ, எச்டிடிபிகோர்-ஓஎஸ்ஜிஐ என்று தனி ஜார்கள் உண்டு. அவற்றைப் போட்டதும் அந்தக் குறை தீர்ந்தது. இரண்டாம் நாள் அதோடு முடிந்தது.

மீதமிருந்தது கூகிளின் ஜாவா நூலகமான குவாவா. கிளையன்ட் ஜார் குவாவா 19ஐ வைத்துக் கட்டப்பட்டிருந்ததால், பிஎன்டி '[19.0,20)' என்ற வரம்பை எழுதியிருந்தது, அதாவது 19 முதல், 20க்குக் கீழே. இவ்வளவு பழையது எதற்கு என்று வரம்பை 31 வரை நானே விரித்து, 30.1ஐ நிறுவினேன். அது ஃபெயிலியர்ஆக்சஸ் பண்டிலைக் கேட்டது. 27இலிருந்து குவாவா அந்தப் பகுதியைத் தனி ஜாராகப் பிரித்துவிட்டது. அதையும் கொடுத்தேன். எல்லாம் ஆக்டிவ். ஆர்டர் அனுப்பினால் நோசச்மெத்தட்எரர்: கிளையன்ட் அழைக்கும் ஃபர்ஸ்ட்நான்நல் என்ற மெத்தடை ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸிலிருந்து குவாவா 21இலேயே நீக்கியிருந்தார்கள்! 'ராப்' செய்த தவற்றை இந்த முறை என் கையாலேயே செய்திருந்தேன். இம்போர்ட்களைப் பொருத்திப் பார்க்கும் ரிசால்வர் மறுத்ததை நான் வாயடைத்தேன். அது ஆர்டர் நேரத்தில் வந்து பேசியது.

வரம்பைப் பழையபடி குறுக்கி, குவாவா 19ஐயே நிறுவினேன். பிறகு வேறொரு பண்டிலுக்கு 30.1 தேவைப்பட்டாலும் இரண்டும் அருகருகே இருக்கலாம். குவாவாவின் வகைகள் இரு பண்டில்களுக்கும் இடையே கைமாறாத வரை சிக்கல் இல்லை. ஆப்ஷனலே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். குவாவாவின் சொந்த மேனிஃபெஸ்டே ஜாவாவின் உள் பகுதியான சன்.மிஸ்க் பேக்கேஜை ஆப்ஷனல் என்றுதான் எழுதியிருக்கிறது. அது இல்லாவிட்டால் என்ன செய்வதென்று அதன் நிரலுக்குத் தெரியும். என் கிளையன்டுக்கு அது தெரியாது.

கடைசியாக இவை அனைத்தையும் பதிப்பு எண்ணோடு ஒரே ஃபீச்சர் கோப்பில் (காராஃப் நிறுவ வேண்டிய பண்டில்களின் பட்டியலில்) எழுதி, பழைய சோதனைகளின் மிச்சம் ஒளிந்திருக்கக் கூடாதென்று காராஃபை 'கிளீன்' என்ற சொல்லுடன் வெறுமையிலிருந்து தொடங்கினேன். எல்லாப் பண்டில்களும் எழுந்ததைப் பட்டியலில் பார்த்தும் நம்பாமல், கானாடுகாத்தான் வீடு ஒன்றுக்குப் போகவேண்டிய டைல்ஸ் ஆர்டரை அனுப்பி, லாரி பதிவு எண் திரும்பி வந்த பிறகே கணினியை மூடினேன்.