16 கண்ணும் ஒரு சுருதியும்

நவம்பர் 28
மூன்று நாளாக விடாத மழை. உறையைக் கழற்றினால் மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) ஊறிப்போய்க் கிடக்கிறது. 5 கட்டைச் சுருதி மிருதங்கம், அரைக் கட்டை இறங்கிவிட்டது. கல்லையும் மரக்கட்டையையும் எடுத்து, தோலின் விளிம்பைச் சுற்றிய பின்னலில் மேலிருந்து நாலு போடு போட்டேன். சுருதி ஏறியது, நாதம் ஏறவில்லை. ‘நம்’ என்று நிற்க வேண்டியது ‘நப்’ என்று முடிகிறது.

நவம்பர் 29
மிருதங்கம் சொல்லித்தந்த சார் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நீ சுருதி சேர்க்கலப்பா, அதை மிரட்டியிருக்கே.” தம்பூராவை ஓடவிட்டு, மோதிர விரலைக் கரணை (தோலின் நடுவே உள்ள கறுப்புப் பூச்சு) ஓரத்தில் வைத்து, மிருதங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே ‘நம்’ வாசிக்கச் சொன்னார். பின்னலில் தோல் வார் கோத்த 16 கண்ணில் நாலைந்து சுருதியில் மேலே நிற்கின்றன, இரண்டு கீழே. நடுவே ஒலி ‘வ்வா வ்வா’ என்று அலைகிறது. இருபது வருஷமாக இதைக் கேட்காமலா வாசித்தேன்?

டிசம்பர் 1
அந்த அலை மண்டையைவிட்டுப் போகவில்லை. தேடிப் படித்தேன். கரணை இல்லாத வெறும் தோலில் அதிர்வுகள் 1, 1.59, 2.14 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். கரணையின் பாரம்தான் அவற்றை 1, 2, 3 என்ற கணக்குக்கு இழுத்து வருகிறது. 1920-லேயே சி.வி. ராமன் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். (திருவானைக்காவலில் பிறந்தவர் காதில் விழாமல் இருக்குமா!) ஆனால் இழுவிசை சுற்றிலும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரே அதிர்வு இரண்டாகப் பிரிந்து, நூலிழை வித்தியாசத்தில் மோதிக்கொள்ளும். நான் கேட்டது அந்தச் சண்டையைத்தான்.

டிசம்பர் 2
ஏறி நின்ற கண்களைக் கீழிருந்து தட்டி இறக்கினேன். நாற்பது நிமிஷம். ஒரு கண் மட்டும் எவ்வளவு தட்டியும் மசியவில்லை. அங்கே வார் தளர்ந்திருக்கிறது.

டிசம்பர் 5
மயிலாப்பூரில் வார் பிடிக்கக் கொடுத்தேன். வேலை செய்பவர் வலந்தலையைப் பார்க்கவே இல்லை. தொப்பியை (இடப்பக்கத் தோல்) திருப்பி, வாசிக்குமுன் அப்பிய ரவைப் பசை காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிக் காட்டினார். “வாசிச்சதும் எடுக்கணும் சார். தோலு செத்துடும்.” இரண்டு பக்கமும் ஒரே வார்தானே, ஒன்றை இறுக்கினால் மற்றதும் நகரும் என்றார். கூலியைவிட அந்த முறைப்புதான் கனம்.

டிசம்பர் 7
ரவையைப் பாதியாகக் குறைத்தேன். தொப்பியின் ‘தும்’ இப்போது வயிற்றில் கேட்கிறது. சபாவில் ஏசி. வர்ணம் முடிவதற்குள் தோல் காய்ந்து வலந்தலை ஏறிவிட்டது. பாடகி திரும்பிப் பார்த்தார். கீழிருந்து இரண்டே தட்டு.