ஆட்ரிஷன் கணக்குக் கேட்டு ஓசூர் போன கதை

ஒருவழியாக பிஆர்எஸ்ஆர் அறிக்கைக்கான (கம்பெனியின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைச் சொல்லும் ஆண்டறிக்கை) எச்ஆர் எண்களைக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் கம்பெனிகளுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கிய அதே அறிக்கைதான். பயிற்சி, காப்பீடு, பிஎஃப், ஈஎஸ்ஐ விவரங்களை எல்லாம் பேரோல் ஆட்கள் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். உயிரை வாங்கியது ஆட்ரிஷன், அதாவது ஆட்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம்.

ஃபார்முலாவில் ஒன்றும் இல்லை. வருடத் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த ஆட்களின் சராசரியை எடுத்து, வருடத்தில் வெளியேறியவர்கள் அதில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ராஜினாமா மட்டும் இல்லை. நீக்கம், ஓய்வு, பணியில் இருக்கும்போது மரணம் எல்லாமே வெளியேற்றம்தான். ஊழியர் தனி, தொழிலாளர் தனி, அதிலும் ஆண் பெண் தனித்தனி. பக்கத்திலேயே முந்தைய இரண்டு வருடங்களும் இருக்கும். சொதப்பினால் உடனே கண்ணில் படும்.

ஓசூர் பிளான்ட்டிலிருந்து தொழிலாளர் ஆட்ரிஷன் 2 சதவீதம் என்று வந்தது. "ஆள் நிற்கவே மாட்டேங்கறாங்க, உடனே ஆள் எடுத்துக் கொடுங்க" என்று மாதம் தவறாமல் மெயில் போடும் அதே பிளான்ட்! எக்ஸெல்லைத் திறந்து பார்த்தால் விஷயம் புரிந்தது. பன்னிரண்டு மாதச் சதவீதங்களைக் கூட்டி, 12-ஆல் வகுத்திருந்தார்கள். மாதத்துக்கு 2 என்றால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 24. யாரும் கேட்காததால் இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

போனில் சொன்னால் "சரிங்க மேடம், பார்க்கிறோம்" என்பதோடு முடிந்துவிடும். அதனால் கோவையிலிருந்து ராத்திரி பஸ் ஏறினேன். காலையில் டைம் ஆபீஸுக்குப் போனால், மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு பீரோவில், பீரோ சாவி கிளார்க் அண்ணனிடம், அண்ணன் அக்கா பையன் காதுகுத்துக்குத் தருமபுரியில். மாற்றுச் சாவி கேட்டதற்கு, "அவரே வரட்டும் மேடம், அப்புறம் எங்களைத்தான் கேப்பாரு" என்றார் பக்கத்து மேசைக்காரர். கேன்டீனில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். போகும் முன் யாரிடம் எந்த ரெஜிஸ்டர் இருக்கிறது, அவர் அன்று டியூட்டியா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மறுபடி போனபோது அண்ணன் இருந்தார், மஸ்டரும் கிடைத்தது. அப்போதுதான் அடுத்த பூதம். அவர்கள் "விலகியவர்" என்று எண்ணியது ராஜினாமா கடிதம் கொடுத்தவர்களை மட்டும். ஷாப் ஃப்ளோரில் யார் கடிதம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்? தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போவார்கள், வரமாட்டார்கள். மஸ்டரில் வரிசையாக 'ஏ' (ஆப்சென்ட்) விழுந்துகொண்டே போகும், பெயர் மட்டும் அப்படியே இருக்கும். பிளான்ட் எச்ஆரிடம் கேட்டால், "அவங்க ஆப்ஸ்காண்டிங் மேடம், சொல்லாம நின்னுட்டாங்க, ரிசைன் பண்ணலையே" என்கிறார்.

கை கொடுத்தது பிஎஃப்தான். மாதாமாதம் பிஎஃப் தளத்தில் ஏற்றும் ஈசிஆர் என்ற கணக்குக் கோப்பில் என்சிபி டேஸ் என்று ஒரு பத்தி உண்டு; சம்பளம் இல்லாத நாட்கள் அதில் விழும். முழு மாதமும் என்சிபி என்று தொடர்ந்து வரும் யுஏஎன்களை (ஒவ்வொருவருக்கும் உள்ள பிஎஃப் எண்) மட்டும் வடிகட்டி, மஸ்டரோடு ஒட்டிப் பார்த்தேன். ஒரு ஆள் ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை. மார்ச் 31 தலைக்கணக்கில் இருக்கிறார்! அதாவது வெளியேறியவர் எண்ணிக்கை குறைந்து, சராசரி ஆள் எண்ணிக்கை கூடி, சதவீதம் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கிறது. சரிசெய்ததும் 24-ஐயும் தாண்டியது.

பிளான்ட் ஹெட்டுக்கு முகம் கறுத்துவிட்டது. ஜூனில் சேர்ந்து செப்டம்பரில் போனவரை எப்படிச் சேர்க்கலாம், அவர் தொடக்கத்திலும் இல்லை முடிவிலும் இல்லையே என்று வாதாடினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நிரந்தரத் தொழிலாளராகச் சேர்ந்து அந்த நிதியாண்டுக்குள் போயிருந்தால் அவரும் கணக்கில் வரவேண்டும். செபியின் வழிகாட்டுக் குறிப்பை பிரின்ட் எடுத்துப் போயிருந்தேன், அந்தப் பக்கத்தை மேசையில் வைத்தேன். வாயால் விளக்கிக்கொண்டிருந்தால் சாயங்காலம் வரை ஓடியிருக்கும். காகிதத்தைப் பார்த்ததும் அமைதி.

அந்தச் சூட்டிலேயே எல்டிஐஎஃப்ஆரையும் பார்த்தேன். வேலைநாள் இழப்பு ஏற்படுத்திய காயங்களைப் பத்து லட்சம் மணி நேர உழைப்புக்கு எத்தனை என்று சொல்வது. கேட்டில் 'விபத்தில்லா நாட்கள்' போர்டு பளபளவென்று நிற்கிறது, ரெஜிஸ்டரில் பூஜ்யம். ஆனால் ஈஎஸ்ஐ ஃபைலில், பிரஸ் ஷாப்பில் விரல் நசுங்கிய ஒருவருக்கு அனுப்பிய விபத்து அறிக்கையின் நகல் இருக்கிறது. மஸ்டரில் அந்த நாட்களுக்கு 'லீவு'. மூன்று ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், பூஜ்யம் போயிற்று. உழைத்த மணி நேரத்தையும் ஆள் பெருக்கல் எட்டு என்று குத்துமதிப்பாகப் போட்டிருந்தார்கள், ஓவர்டைமைக் காணோம். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவர்கள் கணக்கு மட்டும் அதிசயமாகச் சரியாக இருந்தது.

இந்த வருடம் நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்றால், ஏப்ரல் 1 அன்று ஆள் பட்டியலைப் பேரோடு பிடிஎஃப்பாக எடுத்துப் பூட்டி வையுங்கள். எங்கள் சாஃப்ட்வேரில் ஜூலையில் போய் ஏப்ரல் கணக்கைக் கேட்டால், நடுவில் நீக்கிய பெயர்கள் இல்லாமல்தான் வரும்.