சாம்பிளில் ஆஸ்டரின் வந்தபோது

ஊக்கமருந்துச் சோதனையில் நான் கொடுத்த சாம்பிளில் ஆஸ்டரின் இருப்பதாகக் கடிதம் வந்தது. அந்தப் பெயரையே அதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். தேடினால், தசையை வளர்க்கும் ரகம், போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதுமே தடை. அன்றே தற்காலிகத் தடை வந்தது. போட்டி மட்டுமல்ல, அணியோடு பயிற்சி செய்வதும் நின்றது. இந்த ரகத்துக்கு, தெரியாமல்தான் உடம்பில் போனது என்று வீரர் நிரூபிக்காவிட்டால் 4 ஆண்டு தடை.

'நான் தொடவே இல்லை' என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் பலிக்காது. உடம்பில் இருந்தால் பொறுப்பு நம்முடையது. தண்டனை குறைய வேண்டுமானால் எப்படி வந்தது என்று நாம்தான் காட்ட வேண்டும்.

சாம்பிளை இரண்டு பாட்டிலாகப் பிரித்து வைப்பார்கள். மறுசோதனைக்கான இரண்டாவதுதான் 'பி' சாம்பிள். அதைத் திறக்கும்போது உடனிருக்க நமக்கு உரிமை உண்டு. வெட்டிச் செலவு என்றார் வக்கீல். ஆனாலும் போனேன். பாட்டில் எண்ணை என் படிவத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் மூடி, உடைத்தால்தான் திறக்கும். யாரோ கைவைத்திருப்பார்கள் என்ற சந்தேகம் அங்கேயே போய்விட்டது. முடிவும் அதேதான்.

காப்பாற்றியது சோதனையன்று நிரப்பிய படிவம். கடந்த 7 நாட்களில் எடுத்த மருந்து, சப்ளிமென்ட் எல்லாவற்றையும் அதில் கேட்பார்கள். அவசரத்தில் பலர் காலியாக விடும் இடம். நான் ஒரு மெக்னீசியம் மாத்திரையை எழுதியிருந்தேன். மிச்சமிருந்த டப்பாவைக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அது செல்லாதாம். திறந்த டப்பாவில் நானே கலந்திருக்கலாம் அல்லவா? நியாயம்தான். அதே பேட்ச் எண்ணில் சீல் உடைக்காத டப்பாவைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆய்வகம் அதில் ஆஸ்டரின் கலந்திருப்பதை உறுதி செய்தது. லேபிளில் அந்தப் பெயரே இல்லை.

விசாரணையில் மாத்திரையைப் பற்றிக் கேட்டதைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். யார் சொல்லி வாங்கினாய், டாக்டரிடம் கேட்டாயா, பேட்ச் வாரியாகப் பரிசோதித்த சப்ளிமென்டை ஏன் வாங்கவில்லை? கலப்படம் என்பதை ஏற்றார்கள். ஆனாலும் 8 மாதத் தடை. தற்காலிகத் தடையில் இருந்த காலத்தை அதில் கழித்தார்கள். சாம்பிள் கொடுத்த அன்றைய பந்தயத்தின் முடிவும் பரிசுப் பணமும் போயின.

மேல்முறையீட்டுக்கு, சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போக 21 நாள் அவகாசம் இருந்தது. வக்கீல் கட்டணத்தைக் கணக்குப் பார்த்தேன். பெரும்பகுதி தடையும் கழிந்திருந்தது. சரி, போகவில்லை.

தடைக்காலத்திலும் தினமும் எங்கே இருப்பேன் என்று பதிவு செய்ய வேண்டும். சோதனைக்கு வரத்தான் செய்வார்கள். அப்புறம், கடைசி 2 மாதம் அணியோடு பயிற்சிக்குப் போகலாம் என்று விதியில் ஒரு சலுகை இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டேன்.